தையல் விட்டுப்போன பெரிய போர்வை

என் கணவர் வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்து சேர்ந்த வாரத்தில்தான் என் தையல் மிஷின் நடுநடுவே தையல் விட ஆரம்பித்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போதும் முழுசாகத் தெரியும் என்று சொல்லமாட்டேன்.

அவர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். எங்களுக்குக் கல்யாணமானதிலிருந்தே அப்படித்தான். விடுமுறையில் வருவார், பெட்டியைப் பிரிப்போம், சொந்தக்காரர்கள் வீடுகளுக்குப் போய்வருவோம், மறுபடியும் பெட்டியைக் கட்டுவோம். அவர் இருக்கும் நாளெல்லாம் பெருநாள் மாதிரிதான் போகும். எங்களுக்குள் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை இருந்ததே கிடையாது. இந்த முறை பெட்டியைப் பிரித்துப் பரண்மேல் ஏற்றிவிட்டார். காலையில் எழுந்து, தேநீர் குடித்து, பேப்பர் படித்து முடித்த பிறகு என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை, அவரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை.

எனக்கு வேலை இருந்தது. முன்னறையில் ஜன்னலோரம் என் மிஷின் கிடக்கிறது. இரும்பு உடம்பு, கறுப்பு நிறம், மேலே தங்க நிறத்தில் கொடிப்பூ வரைந்திருக்கும், பாதி தேய்ந்துபோய்விட்டது. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் மொத்தமாக பிரான்சுக்குக் குடிபோனபோது வீட்டைக் காலிசெய்தார்கள். அப்போது வாங்கியது. எந்தக் காலத்தில் எந்த ஊரில் செய்தது என்று படிக்க முடியாது. அதற்கு முன் என்னிடம் இருந்த புது மிஷின் பார்க்க அழகு, ஆனால் பஞ்சு வைத்த துணியைக் கண்டாலே முனகும். இதுவோ, எத்தனை மடிப்பு வைத்தாலும் வாழைத்தண்டில் இறங்குகிற மாதிரி ஊசி இறங்கும். காலால் மிதிக்கவேண்டும், அவ்வளவுதான்.

நானும் அம்பகரத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிற ஓர் அக்காவும் சேர்ந்துதான் போர்வை தைக்கிறோம். மேலே துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒட்டுப்போட்ட பரப்பு, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் வெள்ளைக் காடாத்துணி. மூன்றையும் அடுக்கிக் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டினால் போர்வை. நாங்கள் ரஜாய் என்போம், வாங்குகிறவர்கள் குயில்ட் என்பார்கள். தையல் வகுப்பில் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருந்த பழக்கம் எங்களுடையது. அக்காவின் வீட்டில் நெல் சாகுபடி. அறுப்பு நடக்கும் நாள்களில் மட்டும் வரமாட்டாள். துணியை வெட்டி நிறம் பார்த்து அடுக்குவது அவள், தைப்பது நான். அதுவரை நாங்கள் தைத்ததெல்லாம் தொட்டில் பிள்ளைக்கான சின்னப் போர்வைகள், தலையணை உறைகள், அவ்வளவுதான்.

அந்த வாரம் தெருக்கோடி வீட்டுப் பெண்மணி ஒருவர் வந்தார். அவருடைய மகளுக்குக் கல்யாணமாகி மாப்பிள்ளை பிரான்சில் இருக்கிறார். விசா வந்துவிட்டது, அடுத்த மாதம் பயணம். மகளுடைய சின்ன வயதுப் பாவாடைகள், தன்னுடைய பழைய சேலைகள் எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டி, “அங்க குளிரு தாங்காதாம். இதெல்லாத்தையும் வச்சுப் பெரிய கட்டிலுக்கு ஒரு ரஜாய் தைச்சுக் குடும்மா. போத்திக்கிட்டா உம்மா பக்கத்துல இருக்குற மாதிரி இருக்கணும்” என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சரி என்றேன்.

துண்டுகளைச் சேர்த்து மேல்பரப்பை முடிக்கும்வரை ஒரு குறையும் இல்லை. மூன்றையும் அடுக்கித் தையல் ஓட்டவேண்டிய நாள் காலையில்தான் என் கணவர் மிஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

“சத்தம் சரியில்லையே” என்றார்.

“இதுக்கு இதுதாங்க சத்தம்.”

“காய்ஞ்சு கெடக்கு. ஒரு நிமிஷம் எந்திரி.”

பெட்டியில் கொண்டுவந்த ஸ்ப்ரே டப்பாவை எடுத்து, மிஷினில் கண்ணுக்குத் தெரிந்த ஓட்டைகளிலெல்லாம் அடித்தார். வீடு முழுக்க மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. வழிந்ததைத் துடைத்துவிட்டு நான் உட்கார்ந்தேன். புது ஊசிப் பாக்கெட்டைப் பிரித்து ஊசி மாட்டினேன். பஞ்சு விரிப்பும் புதுச் சுருள்.

ஏழெட்டுத் தையல் ஒழுங்காக விழுந்தது. பிறகு ஒரு நீளத் தையல். நூல் துணியோடு சேராமல் தனியே தூக்கிக்கொண்டு நின்றது. பிறகு நாலு தையல் சரி. மறுபடியும் விட்டுப்போனது.

அக்கா குனிந்து பார்த்தாள். “தையல் வுடுது தங்கச்சி.”

“தெரியுது.”

அவர் கொல்லைப்பக்கம் போனதும் அக்கா என் காதருகே வந்தாள். “பாய் கை வச்சதுலேருந்துதான். நான் சொன்னேன்னு சொல்லாத.”

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் ஊசியும் புதிது, பஞ்சும் புதிது. எதைக் குறை சொல்ல? பழைய ஊசியை மாட்டிப் பார்க்கலாம் என்று தேடினால் அதை எங்கே போட்டேன் என்று ஞாபகமில்லை. புது ஊசியையே கழற்றி, தட்டைப் பக்கத்தைத் திருப்பி மாட்டினேன். இந்த மாதிரிப் பழைய மிஷின்களில் ஊசியின் தட்டைப் பக்கம் ஒன்றில் இடதுபுறம் பார்க்கும், ஒன்றில் வலதுபுறம். திருப்பி மாட்டினால் ஒரு தையல்கூட விழவில்லை. பழையபடி மாட்டினேன்.

என்னைக் குழப்பியது வேறொன்று. மேல்துணி, பஞ்சு, காடா மூன்றிலும் கையளவு வெட்டி அடுக்கி ஓட்டிப்பார்த்தேன். முத்து முத்தாகத் தையல் விழுந்தது. அதே ஊசி, அதே நூல், அதே கனம். போர்வையை எடுத்து வைத்தால் விட்டுவிட்டுப் போகிறது. மறுபடியும் துண்டு, நன்றாக இருக்கிறது. மறுபடியும் போர்வை, கெட்டுப்போகிறது. என்னை வேண்டுமென்றே அலைக்கழிக்கிறதோ என்றுகூடத் தோன்றியது. அக்கா அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.

என் கணவர் வந்து எல்லாவற்றையும் கேட்டார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் கவனித்தேன். ஊருக்கு வந்ததிலிருந்து அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. பழுது என்று ஒன்று கிடைத்துவிட்டது அவருக்கு.

ஃபோனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரர் எங்கள் மிஷினைப் போலவே ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டு பேசுவார். மேல்நூல் இறுக்கம் காரணம் என்பார். அடுத்த வீடியோவில் ஓர் அம்மாள் அடிநூல் சுற்றிய பாபின் காரணம் என்பார். மூன்றாவது ஆள் இரண்டும் இல்லை என்பார். அவர்களுடைய மிஷினில் சக்கரம் இந்தப் பக்கம் சுற்றினால் எங்களுடையதில் அந்தப் பக்கம் சுற்றும். என் கணவர் ஃபோனைத் தலைகீழாகப் பிடித்தெல்லாம் பார்த்தார்.

மறுநாள் மேல்நூல் இறுக்கத் திருகைக் கழற்றினார். தட்டு, சுருள்கம்பி, குமிழ் எல்லாவற்றையும் ஒரு கைக்குட்டையில் வரிசையாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். துடைத்தார். படத்தைப் பார்த்துத் திரும்ப மாட்டினார். மாட்டி முடித்தபோது கைக்குட்டையில் ஒரு வளையம் மிச்சம் இருந்தது. மோதிரத்தைவிடச் சின்னது.

“இது எங்கேருந்து வந்துச்சு?” என்று என்னைக் கேட்டார்.

“என்னயக் கேட்டா?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். படத்தில் வளையமே இல்லை. அவருடைய கட்டைவிரல் நிழல் விழுந்திருந்தது.

வளையம் இல்லாமலே ஓட்டிப்பார்த்தேன். இப்போது சின்னத் துண்டும் கெட்டுப்போனது. மேலே அழகாக இருந்தது, திருப்பிப் பார்த்தால் அடியில் நூல் பஞ்சுமிட்டாய் மாதிரிச் சுருண்டு கிடந்தது.

“அடியிலதான கோளாறு. பாபினப் பாக்கணும்” என்றார் அவர்.

“இல்லீங்க. அடியில சுருண்டா மேல்நூல் தளர்ச்சி. மேல சுருண்டாத்தான் பாபின்.”

“அது எப்புடி? கோளாறு அடியில இருக்கு, மேல போய்ப் பாக்கச் சொல்ற?”

“அப்புடித்தான்.”

அவர் நம்பவில்லை. எனக்கும் அது ஏன் அப்படி என்று விளக்கத் தெரியாது. வகுப்பில் அப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள், கையும் அப்படியே பழகிவிட்டது. அவர் காகிதத்தில் மேல்நூல் ஒரு கோடு, அடிநூல் ஒரு கோடு என்று வரைந்தார். எது எதை இழுக்கிறது என்று அம்புக்குறி போட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவர் நான் சொன்னதைச் சொன்னார், நான் அவர் சொன்னதைச் சொன்னேன். அக்கா, “ரெண்டு பேரும் கட்சி மாறிட்டீங்க” என்று சிரித்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டாள்.

தையல் உபகரணக் கடைக்கும் போனோம். ஃபோனில் மிஷினின் படத்தைக் காட்டினோம். கடைக்காரர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “இதுக்கு ஊசி நீளமே வேறயா இருக்கும்” என்று ஒரு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் மாட்டினால் ஊசி அடியில் போய் இடித்து முறிந்தது. திரும்பப் போய்ச் சொன்னோம். “அப்ப எனக்கும் தெரியலைங்க. தலைய எடுத்துட்டு இரும்புக் காலுக்கு மேல கண்ணாடி போட்டா நல்ல டீப்பாய் ஆவும்” என்றார். என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. தன்னையே காயலான் கடையில் போடச் சொன்ன மாதிரி விறுவிறுவென்று வெளியே நடந்தார். அவர் ஏன் அவ்வளவு கோபப்பட்டார் என்று ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தபடி யோசித்துக்கொண்டு வந்தேன்.

பயண நாள் நெருங்கியது. தெருக்கோடிப் பெண்மணி பார்க்க வந்தபோது நல்ல தையல் இருக்கும் ஓரத்தை மட்டும் மேலே தெரிகிற மாதிரி மடித்து வைத்துக் காட்டினேன். அவர் தடவிப் பார்த்துக் கண்கலங்கிப் போனார். அவர் படியிறங்கியதும் போர்வையைப் புரட்டி, விட்டுப்போன இடங்களை எண்ணினேன்.

அந்த வெள்ளிக்கிழமை என் கணவர் ஜும்ஆவுக்குப் போயிருந்தார். துணிக் குவியலில் பழைய ஊசியைக் கண்டெடுத்தேன். ஒரு பாவாடைத் துண்டில் நானே குத்திவைத்திருக்கிறேன். அதை மாட்டினேன். அக்கா கீழே உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றும் தோல் பெல்ட்டைப் பிடித்துப் பார்த்து, “இது தொளதொளன்னு கெடக்கு. கடல்காத்துல ஊறிப்போயிருக்கு” என்று கொஞ்சம் வெட்டி, இணைப்புக் கம்பியைத் திரும்ப மாட்டி இறுக்கினாள். போர்வையை மிஷினில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் தொழுகை முடித்து வந்துவிட்டார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

“ஓட்டு, பாக்கலாம்” என்றார். போர்வை மேசையிலிருந்து வழிந்து தரையில் புரண்டது. அழுக்காகிவிடுமென்று அவரே குனிந்து அள்ளி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு என் இடப்பக்கம் நின்றார்.

மிதித்தேன். ஒரு கோடு முழுக்க ஓடியது. ஒரு தையல்கூட விடவில்லை. திருப்பிப் பார்த்தோம், அடியிலும் சுத்தம். இன்னொரு கோடு. அதுவும் சுத்தம். பேசினால் கெட்டுவிடுமோ என்று மூவருக்கும் பயம்.

மூன்றாவது கோட்டின் முடிவில் அக்கா மெதுவாக, “பெல்ட்டுதான்” என்றாள்.

“இல்லக்கா, ஊசி” என்றேன்.

“என்னா பேசுறீங்க ரெண்டு பேரும்?” என்றார் அவர். “காலையிலயே அந்த வளையத்தோட எடத்தக் கண்டுபிடிச்சு மாட்டிட்டேனே. நீ கவனிக்கலயா?”

நான் கவனிக்கவில்லை. அவர் காலையில் மிஷின் பக்கம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன், எப்போதும்போல் துடைக்கிறார் என்று நினைத்தேன். ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஆளுக்கொன்றைச் செய்திருக்கிறோம். எது சரிசெய்தது?

அவர் மெக்கானிக் அல்லவா, அதை அப்படியே விட அவருக்கு மனமில்லை. “ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாத்தாத் தெரிஞ்சுடும்.”

“மொதல்ல போர்வைய முடிக்கவுடுங்க” என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை முடித்தோம். கோடு ஓடிய நேரமெல்லாம் அவர் போர்வையை ஏந்திக்கொண்டு நின்றார், நடந்தார், திரும்பினார். விட்டுப்போன இடங்களைப் பிரித்து மறுபடியும் தைத்தேன். ஓரத்துக்கு அந்த அம்மாளின் நீலச் சேலைக் கரையை வைத்தேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது அவருடைய மகள் போர்வையை விரித்து, “இது நான் ஆறாவது படிக்கிறப்ப போட்ட பாவாட” என்று ஒரு துண்டைத் தொட்டாள். பிறகு அவளும் அவள் உம்மாவும் ஒவ்வொரு துண்டாகத் தடவிப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். நான் சத்தமில்லாமல் எழுந்து வந்தேன்.

அடுத்த நாளே என் கணவர் சோதனையில் இறங்கினார். கையளவு அடுக்கில் புது ஊசியைப் போட்டு ஓட்டச் சொன்னார். நன்றாகத் தைத்தது. பெல்ட்டைத் தளர்த்தினார், அப்போதும் நன்றாகத் தைத்தது. வளையத்தை எடுத்துவிட்டு, திருகை இறுக்கி ஓட்டச் சொன்னார். அதிலும் குறையில்லை. எது போனாலும் தைத்தது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப என்னாதான் கோளாறு?”

“எனக்கென்ன தெரியும்? ஒங்க ஸ்ப்ரே காய்ஞ்சிருக்கும்” என்றேன். அதற்கும் ஆதாரம் இல்லை.

வளையத்தைத் திரும்ப மாட்டிவிட்டார். அதன் பிறகு இன்னொரு பெரிய போர்வை ஒப்புக்கொண்டோம். அக்கா வீட்டில் அறுப்பு, அவள் வரவில்லை. அவரும் வெளியே போயிருந்தார். நான் மட்டும் உட்கார்ந்து ஓட்டினேன். ஒரு முழம் போவதற்குள் விட்டுப்போனது. பழைய ஊசிதான், பெல்ட்டும் இறுக்கம், வளையமும் அதன் இடத்தில்தான் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேசையிலிருந்து வழிந்து தொங்கிய போர்வையை எரிச்சலோடு இழுத்து மடியில் போட்டுக்கொண்டு மிதித்தேன். நன்றாகத் தைத்தது. மடியிலிருந்து நழுவியது, தையல் விட்டது. மறுபடியும் மடியில் அள்ளினேன், சரியாகிவிட்டது.

அப்படியே உட்கார்ந்திருந்தேன். போர்வையின் கனம் இடப்பக்கம் தொங்கித் துணியை இழுக்கிறது. துணி ஊசியை இழுக்கிறது. ஊசி மயிரிழை வளைந்தாலும் கீழே நூலைப் பிடிக்க வேண்டிய கொக்கி அதைப் பிடிக்காமல் போய்விடும். சின்னப் போர்வைகளில் தொங்குவதற்குக் கனமே இல்லை. கையளவு துண்டில் கேட்கவே வேண்டாம். அந்த வெள்ளிக்கிழமை சரியானதற்குக் காரணம் ஊசி, பெல்ட், வளையம் மூன்றுமே இல்லைபோல. அவர் ஏந்திக்கொண்டு நின்றதுதான்.

போல என்றுதான் சொல்கிறேன். ஏனென்றால் முதல் நாள் அந்த ஸ்ப்ரே எண்ணெய் ஒன்றுமே செய்யவில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

அவர் வந்ததும் சொன்னேன். கேட்டுவிட்டு மிஷின் பக்கத்தில் வந்து குனிந்தார். பிறகு போர்வையைத் தூக்கிப் பார்த்தார், விட்டார், தூக்கினார். “நான் புடிச்சதுதானா?” என்றார். “ஒரு மேசையக் கிட்டப் போட்டாலே போதுமே.”

போதும்தான். எனக்கும் அது தோன்றியிருந்தது. ஆனால் என் வாயால் ஏன் அதைச் சொல்லவில்லை என்று தெரியவில்லை. பகலெல்லாம் காலைச் சுற்றிக்கொண்டே இருக்கிறார் என்று எரிச்சல்பட்டதும் நான்தான். அவர் போர்வையை ஏந்தி நின்ற அந்த மூன்று நாளும் அலுக்காமல் தைத்ததும் நான்தான்.

அன்று மேசை எதையும் போடாமல் அவரே போர்வையை ஏந்திக்கொண்டு நின்றார். நான் தைத்தேன். அடுத்த வாரம் கீழவாஞ்சூர்ப் பக்கம் நிலக்கரி இறங்கும் துறைமுகத்தில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் ஏசி பார்த்துக்கொள்ள ஆள் கேட்பதாகக் கேள்விப்பட்டுப் போனார், வேலை கிடைத்தது. சேர்வதற்கு முந்தின நாள் ஒரு பலகையை வாங்கிவந்து, கீல் வைத்து மிஷின் மேசையின் இடப்பக்கம் பொருத்தினார். வேண்டும்போது விரிக்கலாம், வேண்டாதபோது மடக்கலாம்.

“இனிமே யாரும் புடிக்க வேண்டாம்” என்றார்.

இப்போது காலையில் அவர் ஸ்கூட்டரில் கிளம்பிப் போகிறார், மாலையில் சட்டையில் கரித்தூசியோடு திரும்பி வருகிறார். அக்கா பஸ்ஸில் வருகிறாள். பலகையை விரித்து, போர்வையை அதன்மேல் போட்டு ஓட்டுகிறேன். ஒரு தையல்கூட விடுவதில்லை. அக்கா இன்றுவரை அது பெல்ட்தான் என்கிறாள்.

மத்தியானத்தில் வீடு முன்னைப்போலவே அமைதியாக இருக்கிறது. இந்த அமைதிக்குத்தான் நான் பழகியவள். இருந்தும், நடுவில் மிதிப்பதை நிறுத்திவிட்டு, “என்னாங்க” என்று கூப்பிட வாயெடுக்கிறேன். எதற்கென்று எனக்கே தெரிவதில்லை. அக்கா நிமிர்ந்து, “என்னா, நூல் அறுந்துபோச்சா?” என்று கேட்கிறாள். இல்லை என்று சொல்லிவிட்டு மறுபடியும் மிதிக்கிறேன்.